ஹிட்லர் பெண் பிள்ளைகளை அடுப்படியிலா பூட்டிவைத்தார்?

கேள்வி (வாசகர் ஒருவர்), 13 ஜனவரி 2024

நாஜிகள் பெண்களை "பிள்ளை, அடுப்படி, தேவாலயம்" என்று சொல்லி மூலையில் உட்காரவைத்தார்கள் என்றுதான் எங்கேயும் வாசிக்கிறேன். அப்படியென்றால் அந்தக் காலத்து ஜேர்மன் சிறுமிகளும் அந்த ஆட்சியால் பாதிக்கப்பட்டவர்கள்தானே? ஆண்கள் செய்த அரசியலுக்குள் அவர்களை ஏன் இழுக்க வேண்டும்? ஜேர்மனியில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

13 ஜனவரி, இரவு

நான் இருக்கிறேன். ரூர் பகுதியில் ஒரு வயோதிபர் இல்லத்தில் நீண்ட காலம் பராமரிப்பு வேலை. நான் சேர்ந்த புதிதில் அங்கே இருந்த பெண்களில் கனபேர் 1920களில் பிறந்தவர்கள். நீங்கள் கேட்கும் அதே சிறுமிகள். குளிக்கவார்க்கும்போதும் சாப்பாடு தீத்தும்போதும் கதைப்பார்கள். அவர்களிடம் கேட்டதும், கேட்டது விளங்குவதற்காகப் பிறகு தேடி வாசித்ததும்தான் என் கைவசம். வரலாற்றுப் பட்டம் ஒன்றும் கிடையாது.

அந்தச் சுலோகம் நாஜிகள் உண்டாக்கியதில்லை, கைசர் காலத்துச் சரக்கு. அதிலும் தேவாலயம் அவர்களுக்குக் கண்ணில் பட்ட முள். கத்தோலிக்க இளையோர் சங்கங்களை ஒவ்வொன்றாக மூடவைத்தார்கள். ஞாயிறு காலை பூசை நேரமாகப் பார்த்து அணிவகுப்பு வைத்தார்கள்.

அடுப்படி இருந்தது, மறுக்கவில்லை. 1933 ஜூனில் திருமணக் கடன் வந்தது. 1,000 ரைஷ்மார்க் வரை, காசாக இல்லாமல் வீட்டுச் சாமான் வாங்கும் சீட்டாகக் கொடுத்தார்கள். மணப்பெண் வேலையை விட வேண்டும். ஒரு பிள்ளை பிறந்தால் கடனில் கால்வாசி தள்ளுபடி. நாலு பெற்றால் கணக்கு முடிந்தது. 1934இல் பல்கலைக்கழகத்துக்குள் புதிதாக வருபவர்களில் பெண்கள் பத்து வீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். 1938 டிசம்பரில் தாய்மார் சிலுவை என்ற பதக்கம்: நாலு பிள்ளைக்கு வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம்.

இதெல்லாம் இருபது வயதுக்காரிக்கு. பத்து வயதுக்காரியிடம் அந்த ஆட்சி வேறொன்றை நீட்டியது. அவளை வீட்டைவிட்டு வெளியே கூப்பிட்டது. நாளைக்கு எழுதுகிறேன், காலை வேலை இருக்கிறது.

14 ஜனவரி

புண்ட் டாய்ச்சர் மேடல், அதாவது ஜேர்மன் சிறுமியர் சங்கம். எல்லோரும் பி.டி.எம். என்பார்கள். 1930இல் தொடங்கியது; ஹிட்லர் பதவிக்கு வந்தபோதும் சின்னச் சங்கம்தான். பத்து வயதிலிருந்து பதினாலு வரை "யுங்மேடல்", பதினாலிலிருந்து பதினெட்டு வரை பி.டி.எம். 1938இல் பதினேழிலிருந்து இருபத்தொன்று வரையான பெண்களுக்கு "நம்பிக்கையும் அழகும்" என்று இன்னொரு பிரிவு. 1936 டிசம்பர் 1ஆம் திகதி ஹிட்லர் இளையோர் சட்டம், 1939 மார்ச்சில் அதன் ஆணை. அதோடு பத்து வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாயம். அந்த வருடம் சிறுமிகள் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல்.

ஆனால் கட்டாயம் வருவதற்கு முன்பே பெரும்பாலானோர் உள்ளே போயாகிவிட்டது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1934இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாக உங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் ஊர் சுற்றுவான், ஆற்றில் நீந்துவான், கூடாரம் போடுவான். உங்களுக்கு இருட்டுவதற்கு முன் வீடு, தம்பி தங்கைக்கு மூக்குத் துடைத்தல், உருளைக்கிழங்கு உரித்தல். அப்போது ஒரு சங்கம் வருகிறது. புதன் மாலை பாட்டும் கதையும், சனிக்கிழமை ஓட்டமும் தாண்டலும், கோடையில் முகாம், இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. அம்மா வேண்டாம் என்றால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: ஃப்யூரர் கூப்பிடுகிறார். அம்மாவுக்கு மேலே ஒரு அதிகாரம் தன் பக்கம் நிற்பது பத்து வயதில் சின்ன விஷயமா?

பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். 1934இலிருந்து 1936 முடிவு வரை சனிக்கிழமை "அரச இளையோர் நாள்". சங்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை, காட்டுக்குப் போகலாம். சேராதவர்கள் அன்று வகுப்பில் இருந்து நாஜி அரசியல் பாடம் படிக்க வேண்டும். வெறும் மேசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று பேர். எங்கள் இல்லத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்தவர். தகப்பன் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், சேர விடவில்லை. "அப்பாமேல் எனக்குக் கோபம். ஹிட்லர்மேல் வரவே இல்லை" என்றார்.

சீருடை: கடும் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தோல் முடிச்சு போட்ட கறுப்புக் கழுத்துத் துணி, குளிருக்கு மண்ணிறக் குட்டைச் சட்டை. வைத்தியர் மகளும் சுரங்கக்காரன் மகளும் ஒரே உடுப்பில் நிற்பதாகப் பெருமை. அந்த உடுப்பை வாங்கச் சுரங்கக்காரன் பட்ட பாட்டை யாரும் பாட்டாகப் பாடவில்லை.

15 ஜனவரி

"நீங்கள் பி.டி.எம்.முக்கு விளம்பரம் எழுதுகிறீர்கள்" என்று ஒரு தம்பி போட்டிருக்கிறார்.

விளம்பரம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன் தம்பி. அது பொய்யான சரக்கை விற்கவில்லை. முகாமும் பாட்டும் தோழமையும் உண்மையாகவே கிடைத்தன. ஒரு கொடுங்கோல் ஆட்சி பிள்ளைகளை அடித்துத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்னொரு முறை வரும்போது அடையாளம் தெரியாமல் போகும்.

யார் உள்ளே வரக்கூடாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். யூதச் சிறுமி வரமுடியாது. சிந்தி, ரோமா பிள்ளை வரமுடியாது. பரம்பரை நோய் என்று முத்திரை விழுந்த பிள்ளையும் அப்படித்தான். 1938 நவம்பர் 15 முதல் யூதப் பிள்ளைகளுக்கு ஜேர்மன் பள்ளிக்கூடமே இல்லை. 1939 பிறந்ததும், நாஜிகளின் பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருந்த யூதப் பெண்கள் எல்லோர் பெயரோடும் "சாரா" என்று ஒட்டினார்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. நேற்றுவரை பக்கத்து வாங்கில் இருந்தவள் இன்று இல்லை. முகாம் நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

1933 ஜூலையில் கட்டாயக் கருத்தடைச் சட்டமும் வந்தது. ஏறக்குறைய நாலு லட்சம் பேருக்குச் செய்தார்கள், பாதி பெண்கள். அதில் செத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. பதின்ம வயதிலேயே மேசையில் கிடத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. "ஜேர்மன் சிறுமிகள்" என்று கேள்வியில் எழுதியவர் இவர்களையும் ஜேர்மன் சிறுமிகள் என்று எண்ணினாரா தெரியவில்லை. ஹிட்லர் எண்ணவில்லை.

15 ஜனவரி, பிந்திய இரவு

நித்திரை வரவில்லை, இன்னொன்று.

மறதி நோய்ப் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். மகளைத் தெரியாது. என்னை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பார். நான் அவருடைய கட்டிலை விரித்து முடித்ததும் அப்படியே பிரித்துவிட்டுத் தானே விரிப்பார். போர்வையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார், கோடு பிடித்தமாதிரி வரும்வரை. பிறகு கால்மாட்டில் நேராக நின்றுகொள்வார். கைகள் பாவாடையோடு ஒட்டி இருக்கும். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். யாருக்காக நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய ஆள் ஒருத்தி சொல்லித் தந்தாள்: "நல்லது, போகலாம் என்று சொல்லு." சொன்னேன். வந்தார்.

அது உழைப்புச் சேவை முகாம் பழக்கம். 1939 செப்டெம்பரிலிருந்து மணமாகாத இளம் பெண்களுக்கு அரை வருட உழைப்புச் சேவை கட்டாயம். பகலில் பண்ணை வீடுகளில் மாடு, களை, குழந்தை. மாலையில் அரசியல் வகுப்பு. வைக்கோல் மெத்தையில் படுக்கை. விடிந்ததும் முகாம் தலைவி வந்து பார்ப்பாள். மெத்தை மேடு பள்ளமாக இருந்தால் இழுத்துக் கொட்டிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வாள். 1941 ஜூலையிலிருந்து அதற்கு மேல் இன்னும் ஆறு மாதம் போர் உதவிச் சேவை. பேருந்தில் சீட்டுக் கிழிப்பதும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிற்பதும் அந்தக் கணக்கில்.

17 ஜனவரி

நகைச்சுவை கேட்ட அண்ணைக்கு: பி.டி.எம். என்ற மூன்று எழுத்துக்கு அந்தக் காலத்து ஜேர்மன் பொடியன்கள் வைத்த விரிவாக்கங்களில் முக்கால்வாசியை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் என்னை வெளியே போட்டுவிடுவார். எழுதக்கூடியது ஒன்று: "விரைவில் ஜேர்மன் தாய்". மற்றவை படுக்கை சம்பந்தப்பட்டவை, கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த அம்மாக்களே சொல்லிச் சிரிப்பார்கள், கதவைச் சாத்திவிட்டு.

பள்ளிக்கூடத்திலும் ஒரு பகிடி உண்டு. 1938 சீர்திருத்தத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியை மொழிப் பிரிவு, மனையியல் பிரிவு என்று இரண்டாக்கினார்கள். மனையியலில் எடுத்த உயர்தரப் பரீட்சைக்கு சனம் வைத்த பெயர் "புடிங் ஆபிட்டூர்".

இன்னொரு வேடிக்கை. சங்கத்தின் முதல் பெரிய தலைவி ட்ரூட மோர் 1937இல் கல்யாணம் கட்டினார், பதவி போயிற்று. அடுத்து வந்த யூட்டா ரூடிகர் உளவியலில் முனைவர், மணமாகாதவர், 1945 வரை அவர்தான். பிள்ளை பெறுவதே பெண்ணின் பெருமை என்று லட்சக்கணக்கான சிறுமிகளுக்குப் போதித்த அமைப்பின் தலைமை நாற்காலியில், தொழில் பார்க்கும் தனிப்பெண். ஒரு சிறுமி இவர்களைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்வாள்? மேடையில் சொன்னதையா, மேடையில் நின்றவளையா? நான் கேட்டறிந்த அளவில், மேடையில் நின்றவளைத்தான்.

18 ஜனவரி

லேபன்ஸ்போர்ன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்களோடு சிறுமிகளைச் சேர்த்துப் பிள்ளை "உற்பத்தி" செய்த பண்ணை என்று யூடியூப்பில் ஓடுகிறது. அப்படியில்லை. 1935 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சங்கம் நடத்தியவை பிரசவ விடுதிகள். மணமாகாத தாய்மார் ஊருக்குத் தெரியாமல் போய்ப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் "இன" ஆவணம் சரியாக இருக்க வேண்டும். அதன் உண்மையான கொடுமை வேறு இடத்தில்: போர்க்காலத்தில் போலந்திலும் மற்ற இடங்களிலும் பொன்னிற முடிப் பிள்ளைகளைக் கடத்தி, பெயர் மாற்றி, ஜேர்மன் வீடுகளுக்குக் கொடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு. உள்ளதே போதும், கட்டுக்கதை தேவையில்லை.

21 ஜனவரி

முதல் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் அவர்களை இழுக்க வேண்டும் என்பது.

இல்லத்தில் ஒரு அம்மா, நல்ல நினைவோடு, துப்புரவாக உடுத்துபவர். இளமையில் போலந்துக்குப் போன கதையை ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். பி.டி.எம். குழுவாகப் போனார்களாம். குடியேற வரும் ஜேர்மன் விவசாயக் குடும்பங்களுக்கு வீடு ஆயத்தப்படுத்துவது வேலை. "கூட்டினோம், தரை தேய்த்தோம், யன்னலுக்குச் சீலை தைத்தோம், மேசையில் பூ வைத்தோம். பாவம், எவ்வளவு தூரம் வண்டியில் வந்தவர்கள்."

யாருடைய வீடு என்று கேட்டேன்.

"வெறுமையாக இருந்தது" என்றார்.

கொஞ்ச நேரம் போனபின் தானாகவே, "அடுப்படி ஊத்தையாக இருந்தது, பாத்திரத்தில் சாப்பாடு கிடந்தது, போலந்துக்காரருக்குத் துப்புரவு போதாது" என்றார்.

இந்தக் கதையின் மறுபாதி வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. 1939இல் மேற்குப் போலந்தை ஜேர்மனியோடு இணைத்தார்கள். போசன், லோட்ஸ் எல்லாம் வார்த்தகவு என்ற புதிய மாகாணத்துக்குள் வந்தன. பால்டிக் நாடுகள், வொலீனியா, பெசராபியா போன்ற கிழக்கு ஐரோப்பிய இடங்களிலிருந்து ஜேர்மன் வம்சாவளியினரை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு இடம் வேண்டுமே. போலந்துக் குடும்பங்களை எஸ்.எஸ்., பொலிஸ் ஆட்கள் விடியற்காலையில் எழுப்பி, கையில் கொண்டுபோகக்கூடிய மூட்டையோடு மட்டும் வெளியேற்றினார்கள். யூதர்களைக் கெட்டோ என்ற அடைபட்ட குடியிருப்புகளுக்குள் தள்ளினார்கள். வீட்டுக்காரர் போன சூடு ஆறுமுன் பெண் பிள்ளைகள் துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். பிறகு அதே பிள்ளைகள் குடியேறியவர்களுக்குப் பாலர் பள்ளி நடத்தினார்கள், குழந்தை குளிப்பாட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டில் போலிஷ் கதைத்தால் திருத்தினார்கள்.

பாத்திரத்தில் சாப்பாடு கிடந்தது துப்புரவு போதாததாலா, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இழுத்துப்போனதாலா?

அவரிடம் இதைக் கேட்கவில்லை. அப்போது எனக்கே முழுதாகத் தெரியாது, வாசித்தது பிறகு. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை. அவர் என் பொறுப்பில் இருந்த நோயாளி, நான் நீதிமன்றம் இல்லை.

ரைஷ் மகளிர் தலைவி கெர்ட்ரூட் ஷோல்ட்ஸ் கிளிங்க் 1937இல் ஒரு கூட்டத்தில், எங்கள் ஆயுதம் வெறும் அகப்பைதான் என்றாலும் அதன் வலு மற்ற ஆயுதங்களுக்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது என்றார். அடுப்படி வேலை அரசியலுக்கு வெளியே என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அப்படி நினைக்கவே இல்லை. வீட்டு வேலை தெரிந்த, கட்டளைக்குப் பழகிய, சொந்த வீட்டைவிட்டுத் தூரம் போகப் பயப்படாத பதினேழு வயதுப் பெண் அவர்களுக்குக் கிழக்கில் தேவைப்பட்டாள். அந்தப் பெண்ணைப் பத்து வயதிலிருந்து செய்து எடுத்தார்கள்.

22 ஜனவரி

"பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" ஆம், அதை ஏற்கிறேன். வயது குறையக் குறைய பொறுப்பும் குறையும். ஆனால் அந்தச் சங்கத்தில் பதினைந்து வயதிலேயே பத்துப் பேருக்குத் தலைவியாகலாம். "இளையோரை இளையோரே வழிநடத்த வேண்டும்" என்பது அவர்களுடைய கொள்கை. யார் கூட்டத்துக்கு வரவில்லை, யாருடைய அப்பா வீட்டில் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அந்தப் பதினைந்து வயதுக்காரிக்குத் தெரியும். அவள் அதை என்ன செய்தாள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சிலர் வாயைப் பொத்தினார்கள், சிலர் மேலே சொன்னார்கள்.

25 ஜனவரி

இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு ஆள் இதில் இருக்கிறார். மெலிற்றா மாஷ்மன், 1918இல் பேர்லினில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933 ஜனவரி 30 இரவு தீப்பந்த ஊர்வலத்தைப் பார்த்து மயங்கி, அதே வருடம் மார்ச்சில் பெற்றோருக்குத் தெரியாமல் பி.டி.எம்.மில் சேர்ந்தார். வேலைக்காரரைக் கீழே பார்க்கும் தன் வீட்டுச் சூழலிலிருந்து தப்பிப் "பெரிய" ஒன்றில் கரைய வேண்டும் என்ற ஆசை. சங்கத்தின் பத்திரிகைப் பணியில் வளர்ந்து, போசனுக்குப் போய், உழைப்புச் சேவை முகாமுக்குத் தலைமை தாங்கி, போலந்து விவசாயிகளை வெளியேற்றும் வேலையில் கைகொடுத்தார். போருக்குப் பின் சிறை. 1963இல் எல்லாவற்றையும் எழுதினார், பள்ளித் தோழியான ஒரு யூதப் பெண்ணுக்குக் கடிதம் எழுதும் வடிவில்.

பிறகு இந்தியா போய், ஆனந்தமயி மாவின் சீடராகிப் பல பத்தாண்டுகள் ஆசிரம வாழ்க்கை. முதுமையில் ஜேர்மனி திரும்பினார். 2010இல் இறந்தார்.

இதை வைத்து ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றுதான் எழுத ஆரம்பித்தேன், ஆனாலும் மனது கேட்கவில்லை. தன்னைக் கரைத்துக்கொள்ள ஒரு பெரிய ஒன்று தேவைப்படும் மனிதர் அவர். முதல் தடவை அது ஆட்களைக் கொன்றது, இரண்டாம் தடவை யாருக்கும் கேடு செய்யவில்லை. இப்படிச் சொல்வது அநியாயமாகவும் இருக்கலாம். அவரைப்போல் வெளிப்படையாக எழுதிய முன்னாள் தலைவிகள் மிகக் குறைவு.

28 ஜனவரி

நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட மாணவி சோஃபி ஷோல் பெயர் இன்னும் வரவில்லையே என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. "எல்லோரும் மயங்கினார்கள் என்றால் சோஃபி?"

சோஃபியும் மயங்கினார். 1921இல் பிறந்தவர், உல்ம் நகரத்தில் வளர்ந்தவர், 1934இல் யுங்மேடலில் சேர்ந்து குழுத் தலைவியாகவும் இருந்தார். தகப்பன் ரோபேர்ட் ஷோல் நாஜிகளை வெறுத்தவர், பிள்ளைகளோ ஆர்வத்தோடு போனார்கள். 1937இல், தடைசெய்யப்பட்ட ஒரு இளையோர் குழுவின் பழக்கங்களைத் தொடர்ந்ததாக அண்ணன் ஹான்சையும் மற்ற சகோதரரையும் கெஸ்டாப்போ என்ற இரகசியப் பொலிஸ் பிடித்தது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகல். 1941இல் கிராவுஹன்வீஸில் உழைப்புச் சேவை. அந்த வைக்கோல் மெத்தைதான். 1942 மே மாதம் மியூனிக்கில் உயிரியலும் மெய்யியலும். 1943 பெப்ரவரி 18 பல்கலைக்கழகத்தில் நாஜி எதிர்ப்புத் துண்டுப் பிரசுரத்தோடு பிடிபட்டார். 22ஆம் திகதி விசாரணை, அன்றே தலை வெட்டினார்கள். ஹான்ஸ், கிறிஸ்ரோப் புறோப்ஸ்ற் இருவரையும் சேர்த்து. சோஃபிக்கு வயது 21.

என் மகள் படிக்கும் காலத்தில் இதற்காகச் சுவரொட்டி செய்தாள். பி.டி.எம். பகுதியை எழுதாமல் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "அம்மா, அது வடிவாக இல்லை" என்றாள். நான் எழுதச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

29 ஜனவரி

எதிர்த்தவர்கள் எல்லோரும் பிரசுரம் அச்சடிக்கவில்லை. ஹம்பேர்க்கில் ஸ்விங் இசைப் பிள்ளைகள் இருந்தார்கள். பெண்கள் உதட்டுச் சாயம் பூசி, முடியை நீளமாக அவிழ்த்துவிட்டு, இங்கிலீஷ் பாட்டுக்கு ஆடினார்கள். "ஜேர்மன் பெண் புகைக்கமாட்டாள், ஜேர்மன் பெண் முகப்பூச்சுப் பூசமாட்டாள்" என்ற நாட்டில் உதட்டுச் சாயம் அரசியல். ரைன், ரூர் பக்கத்தில் எடல்வைஸ் என்ற பெயரில் அடங்காத இளையோர் கூட்டங்கள். அதில் பெண் பிள்ளைகளும் பொடியன்களோடு சேர்ந்து ஊர் சுற்றினார்கள், அதுவே குற்றம்.

இவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த இடம் ஊக்கர்மார்க். 1942 ஜூனில் ராவன்ஸ்புரூக் வதைமுகாம் அருகே திறந்த, இளம் பெண்களுக்கான முகாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே அடைத்தார்கள். "அடங்காதவள்", "ஒழுக்கம் கெட்டவள்", "வேலைக்கு வராதவள்" என்பவைதான் குற்றச்சாட்டு. போருக்குப் பின்னும் அந்தப் பெண்களை ஊர் அதே கண்ணால் பார்த்தது. பத்தாண்டுகள் போயும் அவர்களுக்கு நட்ட ஈடு லேசில் கிடைக்கவில்லை.

2 பெப்ரவரி

நம் ஊர் உதாரணம் கேட்டு மூன்று செய்திகள் உள்பெட்டியில். இந்த இழை ஜேர்மனியைப் பற்றியது. வேறு இழை திறவுங்கள், வருகிறேன், மூன்று பக்கமும் அடி வாங்க ஆயத்தமாகத்தான் வருவேன். இங்கே வேண்டாம்.

5 பெப்ரவரி

ஒன்று விட்டுப்போகக்கூடாது: சலிப்பு. முன்னே நெருப்பும் பாட்டும் என்று எழுதினேன். 1939க்குப் பிறகு வயதுக்கு வந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை. கட்டாயமானதும் அது இன்னொரு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. புதன் மாலை குளிர் அறையில் ஹிட்லருடைய வாழ்க்கை வரலாறு, எத்தனையாவது தடவையோ. குளிர்கால நிவாரணத்துக்கு உண்டியல் குலுக்கல், மூலிகை பொறுக்கல், போர்முனைக்குக் காலுறை பின்னல். வராவிட்டால் வீட்டுக்குக் கடிதம். 1940இலிருந்து, அடம் பிடிக்கும் பிள்ளைகளை வார இறுதியில் காவலில் வைக்கவும் வழி செய்தார்கள்.

ஒருவர் தையல் வகுப்பு என்று அம்மாவிடமும், அம்மாவுக்கு வருத்தம் என்று தலைவியிடமும் சொல்லிவிட்டு இரண்டு வருடம் சினிமா பார்த்தாராம். அவரை எனக்கு நன்றாகப் பிடிக்கும். அதை எதிர்ப்பு என்று யாரும் எழுதமாட்டார்கள். அவரும் எழுதச் சொல்லமாட்டார்.

கடைசி வருடங்களில் சலிப்புக்கும் நேரமில்லை. குண்டுவீச்சுக்குத் தப்ப நகரப் பிள்ளைகளைக் கிராம முகாம்களுக்கு அனுப்பினார்கள், 1940 இலையுதிர் காலத்திலிருந்து. அங்கே அழுத பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பதினாறு வயது பி.டி.எம். அக்காமார். பிறகு தேடொளி விளக்குகளுக்கும் இளம் பெண்களை நிறுத்தினார்கள்.

11 பெப்ரவரி

"போருக்குப் பிறகு இவர்களுக்கு என்ன நடந்தது?"

பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடக்கவில்லை. 1946 ஓகஸ்டில் அமெரிக்கப் பகுதியில் இளையோர் பொதுமன்னிப்பு வந்தது. 1919 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெரிய குற்றம் செய்தவர்களைத் தவிர, விசாரணையே இல்லை. எங்கள் இல்லத்து அம்மாக்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். மாஷ்மன் ஒரு வருட வித்தியாசத்தில் அந்தப் பக்கம். கோடு எங்காவது போடத்தானே வேண்டும். பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசிவரை நின்றவர்களும் உண்டு. அமெரிக்கர்கள் ஆகன் நகரத்தைப் பிடித்து ஃபிரான்ஸ் ஒப்பன்ஹோஃப் என்பவரை மேயராக வைத்தார்கள். 1945 மார்ச் 25 அன்று ஒரு நாஜிக் குழு அவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றது. விமானத்திலிருந்து குதித்து வந்த அந்தக் குழுவுக்கு வழி காட்டியவர் இல்ஸ ஹிர்ஷ், இருபத்திரண்டு வயது பி.டி.எம். தலைவி.

யூட்டா ரூடிகரை அமெரிக்கர்கள் இரண்டரை வருடம் அடைத்து வைத்துவிட்டு விட்டார்கள். வழக்கு இல்லை. டுசல்டோர்ஃபில் உளவியலாளராக வேலை பார்த்தார், பிள்ளைகளுக்கு. ஆம், பிள்ளைகளுக்கு. 2001இல் இறந்தார், வருத்தம் தெரிவிக்கவில்லை. தங்கள் சங்கம் எவ்வளவு நல்லது என்று புத்தகங்களும் எழுதினார். அவற்றில் ஒன்றை இங்கே பழைய சாமான் சந்தையில் பார்த்திருக்கிறேன், பூப்போட்ட தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில். கடைக்காரர் இரண்டு யூரோ சொன்னார். நான் வாங்கவில்லை. நீங்கள் எங்காவது கண்டால் வாசியுங்கள், ஆனால் அட்டையில் எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.